கோட்டுக்கு அஞ்சாத கை

டென்னிஸ் வீராங்கனை பெட்ரா குவிட்டோவாவை எனக்கு முதலில் பிடித்துப்போனதற்கு அவருடைய ஆட்டம் காரணமில்லை. அவர் பீச்சாங்கைக்காரி. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டில் பீச்சாங்கை நான் ஒருத்திதான். சாப்பிட உட்கார்ந்தாலும், கடையில் காசு நீட்டினாலும், கோயிலில் விபூதி வாங்கினாலும் "சோத்தாங்கை, சோத்தாங்கை" என்று அம்மா அதட்டிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடும் எழுத்தும் வலது கைக்கு மாறின. ஆனால் மதுரையில் எங்கள் தெருவை ஒட்டிய மைதானத்தில், வெடிப்பு விழுந்த சிமென்ட் கோர்ட்டில், முதல்முறை டென்னிஸ் மட்டையை எடுத்தபோது இடது கைதான் முந்திக்கொண்டு நீண்டது. அங்கே அதட்ட ஆளில்லை. அன்றிலிருந்து இடது கையால் ஆடுகிற யாரை டிவியில் பார்த்தாலும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எனக்கு மனசு பொங்கும்.

2011 ஜூலை 2, சனிக்கிழமை சாயங்காலம். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மரியா ஷரபோவா. 2004இல் 17 வயதிலேயே இதே புல்தரையில் பட்டம் வென்றவர். மறுபக்கம் செக் குடியரசிலிருந்து வந்த 21 வயதுப் பெண், ஆறடி உயரம், முதல் கிராண்ட்ஸ்லாம் இறுதி. பயந்து ஒடுங்கிவிடுவார் என்று நினைத்துத்தான் டிவி முன் உட்கார்ந்தேன். அவரோ 6-3, 6-4 என்று இரண்டே செட்டில் முடித்துவிட்டார். கடைசிப் புள்ளி ஒரு ஏஸ். விம்பிள்டன் இறுதியில், பட்டத்துக்கான புள்ளியில், எதிராளியின் மட்டை தொடவே முடியாத ஒரு சர்வ்! அந்த நிமிஷமே நான் அவருடைய ரசிகை ஆகிவிட்டேன். இன்றுவரை மாறவில்லை.

அன்று அரச குடும்பத்து மாடத்தில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் யானா நோவோட்னாவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே செக் மண்ணில் பிறந்து விம்பிள்டனை வென்றவர்கள். நவ்ரத்திலோவா பீச்சாங்கை ராணி. அவர் தன் கடைசி விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றது 1990இல். அதன்பின் இடது கைப் பெண் ஒருவர் அந்த வெற்றித் தட்டைத் தூக்க 21 வருஷம் ஆனது. தூக்கிய பெட்ரா பிறந்தது அதே 1990, மார்ச் 8. 1990களில் பிறந்தவர்களில் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் ஆளும் அவர்தான்.

இத்தனைக்கும் அவர் பெரிய அகாடமியில் வார்த்தெடுத்த பிள்ளை இல்லை. ஃபுல்னெக் என்ற சின்ன ஊர்தான் அவர் வளர்ந்த இடம். பள்ளி ஆசிரியரான அப்பாதான் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு அண்ணன்களோடு ஓடி ஆடி வளர்ந்தார். 16 வயதில்தான் ப்ரொஸ்தியோவ் நகரத்து டென்னிஸ் கிளப்புக்குப் போனார். ஆஸ்துமா வேறு உண்டு. வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில் அவர் மூச்சுக்குத் திணறி ஆடியதைப் பார்த்து நான் பல தடவை தவித்திருக்கிறேன்.

அவருடைய ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோர்ட்டின் இடது மூலையில் நிற்கிறார். பந்தை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார். தூக்கிப் போடுகிறார். இடது கை மேலே போய்ப் பந்தின் பக்கவாட்டைச் சீவுகிறது. பந்து வலை தாண்டியதும் வெளிப்பக்கமாக வளைந்து, புல்லில் பட்டு வழுக்கி, கோர்ட்டை விட்டே ஓடப் பார்க்கிறது. வலது கைக்காரர் அதை எட்டிப் பிடிக்கப் பக்கத்து நாற்காலி வரை போக வேண்டும். அவர் தட்டுத்தடுமாறித் திருப்பி அனுப்புவதற்குள் கோர்ட் முழுக்கக் காலி. பெட்ரா ஒரு எட்டு முன்னே வந்து ஃபோர்ஹேண்டால் ஒரே அடி. பந்து எழும்பாமல் தட்டையாகப் பறந்து எதிர் மூலைக் கோட்டில் விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பும். பிறகு "பொய்ச்!" என்று ஒரு கூவல். செக் மொழியில் 'வா, வா' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. எங்கள் கோர்ட்டில் நானும் அப்படிக் கூவியிருக்கிறேன்.

அந்தக் கோடுதான் அவருடைய ஆட்டத்தின் உயிர். டென்னிஸில் வலைக்கு மேலே நல்ல உயரம் விட்டு, கோட்டுக்கு மூன்றடி உள்ளே பந்தைப் போட்டு, எதிராளி தப்புச் செய்யட்டும் என்று காத்திருக்கலாம். அப்படி ஆடிப் பெரிய பெயர் எடுத்தவர்கள் நிறையப் பேர். பெட்ராவுக்கு அது தெரியவே தெரியாது. வலையை உரசுகிற உயரத்தில், கோட்டைக் குறிவைத்து, முழு வீச்சில் அடிப்பார். நன்றாக அமைந்த நாளில் அவரை நிறுத்த ஆளே கிடையாது. அமையாத நாளில் அரை அங்குலம் வெளியே, அரை அங்குலம் வெளியே என்று ஒரு செட்டே கரைந்து போகும். அதனால்தான் அவருடைய ஆட்டங்கள் அடிக்கடி மூன்றாவது செட்டுக்குப் போகும். ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதும்போது இரண்டாவது எழுத்துக்குப் பதில் '3' என்று போடுவது எங்கள் ரசிகர் கூட்டத்தின் வழக்கம். எத்தனை தவிப்பும் எத்தனை சந்தோஷமும் அந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

2014 விம்பிள்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சுற்றில் வீனஸ் வில்லியம்ஸிடம் முதல் செட்டை இழந்து, 5-7, 7-6, 7-5 என்று நூலிழையில் தப்பித்தார். நகம் கடித்துக் கடித்து என் விரல் புண்ணாகிவிட்டது. அதே பெட்ரா இறுதியில் யூஜெனி பூஷாரை 6-3, 6-0 என்று 55 நிமிஷத்தில் முடித்தார். அந்த 55 நிமிஷமும் எனக்கு மனப்பாடம். பூஷார் மோசமாக ஆடவில்லை. கோர்ட்டின் எந்த மூலையில் நின்றாலும் பந்து இன்னொரு மூலையில் விழுந்தது. எதிராளி வெறுமனே நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஒருவர் ஆட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். விம்பிள்டன் இறுதியில் அதற்கு இணையான ஆட்டம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

மற்ற வெற்றிகளையும் ஆசைதீரச் சொல்லிவிடுகிறேன். 2011இல் ஆண்டு இறுதிச் சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். செக் அணியோடு ஆறு ஃபெட் கோப்பைகள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மாடிசன் கீஸை மூன்று செட்டில் வென்று வெண்கலம். இதற்கு நடுவில் 2015இல் உடம்பை உருக்கும் காய்ச்சல் வந்து சோர்ந்து கிடந்த மாதங்களும் உண்டு. தோற்ற நாளிலும் வலைக்கு வந்து சிரித்த முகத்தோடு கை கொடுப்பார். சக வீராங்கனைகளே வாக்களித்துத் தரும் நன்னடத்தை விருதைப் பல முறை வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

2016 டிசம்பர் 20. அன்று சாயங்காலம் செல்போனில் செய்தியைப் பார்த்துவிட்டு நான் அப்படியே சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ப்ரொஸ்தியோவில் பெட்ராவின் வீட்டுக்கு ஒருவன் வந்திருக்கிறான். வெந்நீர் பாய்லரைச் சோதிக்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்து, பின்னாலிருந்து கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறான். பெட்ரா அந்தக் கத்தியைக் கையால் பிடித்துத் தள்ளியிருக்கிறார். உயிர் தப்பியது. கை போனது.

அம்மாவிடம் சொன்னேன். "கதவத் தட்டுனா யாருன்னு விசாரிக்காமத் தொறக்கலாமா?" என்று முதலில் பதறினாள். அப்புறம், "எந்தக் கைடி?" என்றாள்.

"பீச்சாங்கைம்மா."

அம்மா அதன்பின் ஒன்றும் பேசவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து விரல்களின் தசைநாண்களும் அறுபட்டிருந்தன, இரண்டு நரம்புகளும் சேதம் என்று செய்தி வந்தது. அறுவைச் சிகிச்சை 3 மணி 45 நிமிஷம் நடந்தது. மறுநாள் காலை நான் கோர்ட்டுக்குப் போய் ஆடாமல், மட்டையை இடது கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்த விரல் என்ன செய்கிறது? சுண்டுவிரலும் மோதிர விரலும் பிடியின் அடிக்கட்டையை இறுக்கிக்கொள்கின்றன, மட்டை நழுவாமல் இருப்பது அவற்றால்தான். ஆள்காட்டி விரல் கொஞ்சம் விலகி மேலேறி நிற்கிறது, பந்து மட்டையில் எங்கே பட்டது என்று முதலில் சொல்வது அதுதான். கட்டை விரல் மட்டையின் முகத்தைத் திருப்புகிறது. சர்வ் போடும்போது ஐந்து விரலும் தளர்ந்திருந்து, பந்தைத் தொடும் கணத்தில் ஒன்றாக இறுக வேண்டும். ஒரு விரலைத் தூக்கிவிட்டு அடித்துப் பார்த்தேன். பந்து எங்கேயோ போனது. பெட்ராவுக்கு ஐந்துமே அறுந்திருந்தன.

தசைநாண் என்பது விரலை மடக்கி நீட்டும் கயிறு. அதைத் தைத்த பிறகு அவசரப்பட்டு அசைத்தால் தையல் விட்டுப்போகும். பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைப் பாதை. ஒரு நாளைக்கு ஒரு துளி என்று அளந்து அளந்து அசைக்க வேண்டும். சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளே செய்தியாளர்கள் முன் வந்த பெட்ரா, விரல்களை அசைக்க முடிந்ததுதான் தனக்குக் கிடைத்த மிகப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு என்று சொன்னார். கட்டுப்போட்ட கையோடு அவர் நின்ற அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். அது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தால் அடுத்த வருஷக் கடைசியில்தான் வருவார் என்று நான் நினைத்திருந்தேன். 2017 மே 28, ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்ச் ஓப்பனின் முதல் நாள், பாரிஸின் பெரிய கோர்ட்டில் வந்து நின்றுவிட்டார். கணக்குப் பார்த்தேன், 159 நாள்! ஜூலியா போசெரப்பை 6-3, 6-2 என்று வென்றார். உயிரும் இருக்கிறது, பத்து விரலும் இருக்கின்றன, என் பெரிய போராட்டத்தில் ஏற்கெனவே ஜெயித்துவிட்டேன் என்று அந்த நாட்களில் அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த சுற்றில் தோற்றார். அதற்கடுத்து ஆடிய போட்டியிலேயே, பர்மிங்காம் புல்தரையில், ஆஷ்லி பார்ட்டியிடம் முதல் செட்டை இழந்தபின் மீண்டு வந்து கோப்பையைத் தூக்கினார். திரும்பி வந்து இரண்டாவது போட்டி அது!

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஆட்டத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லத்தான். அடிபட்டவர்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் கொஞ்சம் பதுங்கித்தான் வருவார்கள். அது இயல்பு, குற்றம் சொல்ல முடியாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். சொந்த வீட்டுக்குள்ளேயே கத்தியைப் பார்த்த பெண். நீண்ட நாள் தனியாக இருக்கவே பயந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சில விரல்களில் முழு உணர்வு திரும்பவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பந்தைக் கோட்டுக்கு மூன்றடி உள்ளே போட்டு ஆடியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் பழையபடியே, வலையை உரசுகிற உயரத்தில், கோட்டின் மேலேயே அடித்தார். பயம் இருந்தது. அதை ஆட்டத்துக்குள் அவர் விடவில்லை. கை குணமானதை விட எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

2018இல் ஐந்து பட்டங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், தோஹா, பிராக், மாட்ரிட், பர்மிங்காம். சிமென்ட் போன்ற கெட்டித் தரை, செம்மண், புல் என்று மூன்றிலும். மாட்ரிட்டில் அது மூன்றாவது பட்டம். தைத்த கையால்!

பிறகு வந்தது 2019 ஆஸ்திரேலிய ஓப்பன். காலிறுதியில் பார்ட்டியை அவருடைய சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னாலேயே 6-1, 6-4 என்று வென்றார். கோர்ட்டில் பேட்டி எடுத்தபோது பேச்சு வராமல் கண் கலங்கினார். தாக்குதலுக்குப் பிறகு அதுதான் முதல் கிராண்ட்ஸ்லாம் அரையிறுதி. ஒரு செட்டும் இழக்காமல் இறுதிக்கு வந்தார். எதிரே நவோமி ஒசாகா. ஜெயிப்பவருக்குக் கோப்பையோடு உலகின் முதலிடமும் கிடைக்கும்.

ஜனவரி 26, குடியரசு தின விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் அம்மாவும் டிவி முன்னால். முதல் செட் டைபிரேக்கில் போய்விட்டது. இரண்டாவது செட்டில் ஒசாகா 5-3 என்று முன்னால். பெட்ராவின் சர்வ், 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். ஒன்றைத் தவறவிட்டாலும் கதை முடிந்தது.

"முடிஞ்சுதாடி?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

ஒன்று காப்பாற்றினார். இரண்டு. மூன்று. அந்த கேமையும் எடுத்தார். அடுத்த கேமில் ஒசாகா பட்டத்துக்காக சர்வ் போட்டார், அதையும் உடைத்தார். தொடர்ந்து நான்கு கேம், செட் 7-5. ஒசாகா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அம்மா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். "அந்தக் கையப் பாரேன். அந்தக் கையா வெட்டுப்பட்ட கை?" என்று நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்ன வயசில் என் அதே கையைத் தட்டிவிட்ட அம்மா.

மூன்றாவது செட் 6-4 என்று ஒசாகாவுக்குப் போனது. முதலிடமும் போனது. பெட்ராவுக்கு அது கடைசிவரை வாய்க்கவில்லை, 2012 தொடக்கத்திலும் இதே மாதிரி கைக்கெட்டும் தூரம் வந்து நழுவியது. மேடையில் அவர் தன் குழுவுக்கு நன்றி சொன்னார். மட்டையை மறுபடி பிடிப்பேனா என்றே தெரியாத நாட்களிலும் கூட நின்றீர்களே என்று சொல்லும்போது குரல் உடைந்தது. தோற்ற ஒருவருக்காக நானும் அம்மாவும் எழுந்து நின்று கைதட்டிய ஒரே ஆட்டம் அது.

அதோடு நின்றாரா? 2019இல் கை வலியால் பிரெஞ்ச் ஓப்பனுக்கே வர முடியாமல் போனது. 2020இல் அதே பாரிஸில் அரையிறுதி வரை வந்தார். 2021இல் அங்கேயே செய்தியாளர்களுக்கான வேலைகளின்போது விழுந்து கணுக்கால் பிசகி விலக வேண்டி வந்தது. இத்தனைக்கும் பிறகு 2023 ஏப்ரலில் மியாமி. 33 வயது. இறுதியில் எதிரே எலெனா ரைபாகினா, முந்தின வருஷ விம்பிள்டன் சாம்பியன், கோர்ட்டையே அதிரவைக்கும் சர்வ். முதல் செட் டைபிரேக் 16-14 வரை போனது! நம்ம ஊரில் நடுராத்திரி நேரம். ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது செட் 6-2. அவருடைய 30ஆவது பட்டம். ஜூனில் பெர்லினில் 31ஆவது. அதுதான் கடைசிப் பட்டமும்.

பிறகு தன் பயிற்சியாளர் யிர்ஷி வானெக்கைத் திருமணம் செய்துகொண்டார். 2024இல் மகன் பிறந்தான். பிள்ளை பெற்று ஒரு வருஷம் ஆவதற்குள் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தார். அந்தத் திரும்பல் வெற்றிக் கதையாகவில்லை. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் எம்மா நவரோவிடம் தோற்று, தன் பிரியமான புல்லுக்குக் கண்ணீரோடு விடை சொன்னார். ஆகஸ்ட் 25, நியூயார்க்கில் கடைசி ஆட்டம். டயான் பாரியிடம் 6-1, 6-0.

ஸ்கோரைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கு இல்லை. 55 நிமிஷத்தில் விம்பிள்டன் வென்ற ஒருவர், 35 வயதில், ஒரு பிள்ளைக்கு அம்மாவாக, முதல் சுற்றில் இப்படித் தோற்கலாம் என்று தெரிந்தும் ஆட வந்தாரே, அதுவும் அதே துணிச்சல்தான். கோட்டைத் தேடி அடிக்கிறவருக்குப் பந்து வெளியே போகும் என்பது முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் 19 வருஷம் அடித்தார்.

ஆட்டம் முடிந்து பெட்ரா கையசைத்தபோது அம்மா சமையல்கட்டிலிருந்து பால் டம்ளரோடு வந்தாள். "அவ்வளவுதானா? இனி ஆடாதா அந்தப் புள்ள?" என்றாள்.

"ஆடமாட்டாங்கம்மா."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினேன். டம்ளர் சூடாகக் கைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், நீட்டியது இடது கை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்ரா உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.